அறிவித்தல் போடாத வீடு

பிள்ளை தமிழ்தானே? சொல்லத் தேவையில்லை. பேர்ண் ஸ்ரேசனில ரெயின் ஏறேக்கை உங்களை ஸ்பெயின்காரியோ எண்டுதான் நினைச்சனான். சாப்பாட்டுப் பெட்டியைத் துறந்தியள், புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் மணத்துது, அதோட சந்தேகம் தீந்துபோச்சு. சாப்பிடுங்கோ. எனக்கு வேண்டாம் ராசாத்தி, காலமை குடிச்ச தேத்தண்ணியே இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்குது. எயார்போட்டுக்கோ போறியள்? நானும் அங்கதான். பிளேன் பின்னேரமோ? அப்ப நல்லதாப் போச்சு, அவசரமில்லை.

என்ன, நெத்தியைப் பாக்கிறியள்? பொட்டுக் கழட்டின அடையாளம் தெரியுதோ? வீட்டில ஒட்டிக்கொண்டுதான் வந்தனான். ரெயினுக்க ஏறிக் கழட்டிப்போட்டன். எறியேல்லை, இஞ்சை பாருங்கோ, கைப்பையின்ர உள்பக்கத்தில ஒட்டி வைச்சிருக்கிறன். இறங்க முதல் பேந்தும் ஒட்டிறதோ விடுறதோ எண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை. உங்களுக்கு ஒண்டும் விளங்காது. இருங்கோ, சொல்லுறன்.

மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போறன். சாருகா பேர். எங்கயிருந்து வாறாள் எண்டு கேளுங்கோ. தென்துருவத்திலயிருந்து. பகிடி இல்லைப் பிள்ளை, உண்மையா. ஒரு வருசம் பனிக்கு நடுவில இருந்திட்டு வாறாள். ஏன் போனவள்? வானத்துக்குப் போக. நீங்கள் சிரிக்கிறியள். நானும் அப்பிடித்தான் சிரிச்சனான்.

அவள் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை பள்ளிக்கூடத்துக்கு ஒரு விண்வெளி வீரர் வந்து கதைச்சவராம். அண்டையிலயிருந்து பிடிச்ச விசர். நான் நினைச்சன், ரொக்கெட்டில ஏறியிருந்து பெல்ற்றைக் கட்டினால் சரியெண்டு. ஐயோ, அதுக்கு எத்தினை படி! முதல்ல டொக்டருக்குப் படிச்சாள். அந்தளவில நிண்டிருந்தால் எங்கட ஆக்கள் என்னைத் தலையில தூக்கி வைச்சு ஆடியிருப்பினம். அவள் நிக்கேல்லை. பிறகு ஆராய்ச்சி, அதுக்கொரு பட்டம். பிறகு ரஷ்ய பாஷை. பிறகு கடலுக்கடியில நீந்தப் பழகினாள். பிறகு எஞ்சின் இல்லாத ஒரு சின்னப் பிளேன் ஓட்டினாள், நான் கீழ நிண்டு கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தன். "அம்மா, இதெல்லாம் கேப்பினம்" எண்டாள். ஐரோப்பா முழுக்க ஆயிரக்கணக்கில விண்ணப்பிச்சவை. மூண்டாம் கட்டம் வரைக்கும் போய் விடுபட்டுப்போனாள். சரி, இனிக் கலியாணத்தைப் பாப்பம் எண்டு நான் நினைக்க, அவள் சொல்லுறாள், தென்துருவத்தில ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க குளிர்காலம் முழுக்க அடைபட்டுக் கிடக்கிற ஆக்களின்ர உடம்பும் மனமும் என்ன பாடு படுது எண்டு பாக்கிறதுக்கு ஒரு டொக்டர் தேவை, வானத்தில இருக்கிற மாதிரித்தான், அங்க தாக்குப்பிடிச்சால் அடுத்த முறை தெரிவில பெரிய மதிப்பு எண்டு.

கேளுங்கோ, பெப்ரவரியில கடைசிப் பிளேன் போயிடும். பிறகு நவம்பர் வரைக்கும் ஒரு பிளேனும் இல்லை. தாய் செத்தாலும் வரேலாது, தேப்பன் செத்தாலும் வரேலாது. இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கித்தான் கொண்டுபோறவை.

நான் வேண்டாம் எண்டன். அவர்தான் விட்டவர். அவர் எண்டால் இவர், என்ர மனுசன். அவருக்கு மகள் எண்டால் காணும். இஞ்சை சுவிஸில ஒரு ரெஸ்ரோரண்டில முப்பது வருசமாச் சமையல். நாலு சுவருக்குள்ள வெங்காயம் வெட்டின மனுசனுக்கு மகள் போற இடமெல்லாம் தான் போற மாதிரி. அவள் போனாப் பிறகு ஒவ்வொரு நாளும் போனில ஒரே ஒரு கேள்விதான் எழுதுவார், "இண்டைக்கு எத்தினை?" குளிர் எத்தினை எண்டு கேக்கிறார். அவள் எழுதுவாள், "அப்பா, மைனஸ் அறுபத்தெட்டு" எண்டு. உடன வெளிக்கிட்டிடுவார். பஸ்ஸில ஆருக்குப் பக்கத்தில இருந்தாலும் சொல்லுவார், மைனஸ் அறுபத்தெட்டு, என்ர மகள் அங்க நிக்கிறாள் எண்டு. நான் ஏசுவன், "சாப்பிட்டியோ எண்டு கேட்டால் என்ன, தேப்பன் கேக்கிற கேள்வியோ இது?" சிரிப்பார். தமிழிலதான் எழுதோணும் எண்டதும் அவற்ர சட்டம். இஞ்சை பிறந்த பிள்ளை, ஒரு பிழையில்லாம எழுதுவாள்.

ஜூன் மாதம். எங்களுக்கு ஒரு வாடகைத் தோட்டம் இருக்கு, கீரையும் தக்காளியும் போடுறனாங்கள். தண்ணி விட்டுக்கொண்டு நிண்டவர், அப்பிடியே விழுந்திட்டார். கொண்டு ஓடினம். நெஞ்சு. முடிஞ்சுது.

அவ்வளவுதான். வேற என்ன சொல்லக் கிடக்கு.

அழாதேங்கோ பிள்ளை, நானே அழேல்லை. எனக்கு அழ எங்க நேரம்? முதல் யோசினையே சாருதான். இப்ப நீங்கள் சொல்லுங்கோ, ஒரு தாயெண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ. அங்க சூரியன் இல்லை, மாதக்கணக்கில இருட்டு. பக்கத்தில இருக்கிறது பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர். வரவும் ஏலாது. தேப்பன் போயிட்டார் எண்டு சொன்னால் பிள்ளை என்ன செய்வாள்? அழுவாள், படுக்க மாட்டாள், வேலை குழம்பும். மனம் உடைஞ்சுபோனவள் எண்டு ஆரும் அவளின்ர பேருக்குப் பக்கத்தில எழுதினால்? இருவது வருசப் பாடு எல்லாம் வீண். அதால நான் முடிவெடுத்தன், அவள் திரும்பி வரும் வரைக்கும் சொல்லுறதில்லை. எங்கட வீடுகளில செய்யாததோ? சோதினை எழுதிற பிள்ளைக்குச் செத்தவீடு சொல்லுறமோ? வெளிநாட்டில இருக்கிற பெடியனுக்கு விசா கிடைக்கும் வரைக்கும் தாய் வருத்தம் வந்து படுத்திருக்கிறதைச் சொல்லுறமோ? மூத்தவன் துஷாந்தன் குதிச்சான், "அம்மா, இது பிழை, அவளின்ர அப்பாவும்தானே" எண்டான். சத்தியம் வாங்கினன். தேப்பன்ர பெட்டிக்கு மேல கை வைச்சுச் சத்தியம் வாங்கினன்.

அதில ஒரு பெரிய சிக்கல் வந்துது. அறிவித்தல்.

உங்களுக்குத் தெரியும், எங்கட ஆக்களில ஒருத்தர் செத்தால் முதல் வேலை அறிவித்தல். படம் போட்டு, ஊர், வதிவிடம், அன்னாரின் அன்பு மனைவி, பாசமிகு தந்தை எண்டு இன்ரநெற்றில போட்டால் கனடாவில இருந்து அவுஸ்திரேலியா வரைக்கும் ஒரே நாளில தெரியும். பனிக்குள்ள இருந்தாலும் சாருவுக்கும் இன்ரநெற் இருக்கு. நான் போடவேண்டாம் எண்டு மறிச்சுப்போட்டன். ஒருத்தரும் படம் போடக்கூடாது, பேர் எழுதக்கூடாது எண்டு வீடு வீடாப் போன் அடிச்சுக் கெஞ்சினன். அவற்ர தங்கச்சி, வசந்தா மச்சாள், எனக்கு முகத்துக்கு நேர கேட்டா: "ஊரில ஆற்ர செத்தவீடு எண்டாலும் அண்ணாதானே அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமைச்சவர். அவருக்கு ஒரு அறிவித்தல் கூட இல்லையோ? நாயோ செத்தது?"

நாயோ செத்தது. அப்பிடிக் கேட்டா.

சரியாச் சொன்னா. மண்டபம் நிரம்பியிருக்க வேண்டிய மனுசன். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆக்கள்தான் வந்தினம். அறிஞ்சால் பிரான்ஸிலயிருந்து கார் பிடிச்சு வந்திருப்பினம். பின்வரிசைக் கதிரையெல்லாம் வெறுமையாக் கிடந்தது. நான் திரும்பிப் பாக்கேல்லை. பாத்தால் எனக்கே தாங்காது.

பிறகு துவங்கினது என்ர நாடகம். சாரு ஞாயிற்றுக்கிழமையில வீடியோவில வருவாள். சுவரில தொங்கின அவற்ர மாலை போட்ட படத்தைக் கழட்டி அறைக்குள்ள வைப்பன். பொட்டை ஒட்டுவன். கழட்டி வைச்ச தாலிக்கொடியை எடுத்துப் போடுவன். போட்டுக்கொண்டு சிரிச்சுக்கொண்டு கதைப்பன். "அப்பா எங்க?" எண்டால், கோயிலுக்கு, தோட்டத்துக்கு, குளிக்கிறார், படுக்கிறார். ஒரு நாள் கதைச்சு முடியேக்கை மச்சாள் கதவைத் துறந்துகொண்டு வந்திட்டா. பொட்டும் தாலியுமா நிக்கிறன். கொண்டுவந்த கறிச்சட்டியை வாசல்ல வைச்சிட்டுப் போயிட்டா. பிறகு வாறேல்லை.

அவற்ர போனும் என்னட்டத்தான். இதோ, இதுதான். சாரு தேப்பனுக்கு எழுதிறதுக்கெல்லாம் நான்தான் மறுமொழி. அவர் எழுதிற மாதிரி எண்டு நினைச்சுக்கொண்டு எழுதுவன். சாப்பிட்டியோ, குளிருக்கு நல்லா உடுத்தியோ, சாமி கும்பிட்டியோ. அந்த "எத்தினை"யை மட்டும் எழுதேல்லை. ஏனோ கை வரேல்லை. சும்மா ஒரு பகிடிக் கேள்விதானே, அதை விட்டால் பிள்ளைக்கு என்ன தெரியப்போகுது?

பிள்ளையார் கைவிடேல்லைப் பாருங்கோ. துவக்கத்திலதான் கொஞ்சம் கஷ்டப்பட்டனான். ஓகஸ்ற்றுக்குப் பிறகு அவளே "அப்பா எங்க" எண்டு கேக்கிறதை விட்டிட்டாள். வேலை கூடிப்போச்சுதாக்கும். என்னோடதான் கதைப்பாள், கன நேரம் கதைப்பாள். முந்தி அப்பிடி இல்லை, "அம்மா அலட்டாதேங்கோ" எண்டு வைச்சிடுவாள். இப்ப, "அம்மா சாப்பிட்டியளோ, நித்திரை கொள்ளுறியளோ, தனிய இருக்காதேங்கோ, அண்ணா வீட்டை போய் இருங்கோ." தனிய எண்டு ஏன் சொன்னவள் எண்டு நான் யோசிக்கேல்லை. பனிக்குள்ள இருந்து பிள்ளைக்குப் பக்குவம் வந்திட்டுது எண்டு சந்தோசப்பட்டன்.

செப்ரெம்பரில அடுத்த தெரிவுக்கு ஒரு நேர்முகம், அங்கயிருந்தபடியே ஸ்கிரீனில. முடிச்சிட்டு எனக்கு எடுத்தவள். "அம்மா, அவையள் ஒரு கேள்வி கேட்டவை. நீங்கள் மேல இருக்கேக்கை வீட்டில ஆருக்கும் ஏதும் நடந்தால் உடன சொல்லவோ, இறங்கினாப் பிறகு சொல்லவோ எண்டு. நான் என்ன சொன்னனெண்டு நினைக்கிறியள்?" எண்டாள். நீயே சொல்லு பிள்ளை எண்டன். "உடன சொல்லோணும் எண்டன் அம்மா. செத்தாப் பிறகு இல்லை, ஏலாமல் படுத்திருக்கேக்கையே சொல்லோணும். வர ஏலாட்டிலும் ஒரு வார்த்தை கதைக்கலாம்தானே. எங்கட வீட்டில எனக்கு ஒருத்தரும் ஒண்டையும் மறைக்கிறேல்லை எண்டும் சொன்னன்." சொல்லிப்போட்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தாள். லைன் நிண்டுபோச்சு எண்டு நினைச்சு நான் ஹலோ, ஹலோ எண்டன். "கேக்குது அம்மா, நீங்கள் சொல்லுங்கோ" எண்டாள். இண்டைக்கு முருங்கைக்காய்க் கறி எண்டன்.

அண்டைக்கு இரவு மட்டும் அழுதன்.

ஏனெண்டால், பிள்ளை, ரெண்டு நாள் இருந்தவர். நான் சொன்னனானோ? சொல்லேல்லையோ? தோட்டத்தில விழுந்து உடன முடியேல்லை. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் நல்ல அறிவோட இருந்தவர். சரி, அதை விடுங்கோ. சூரிச் தாண்டியாச்சோ? அடுத்ததுதானே எயார்போட்?

ஆ, இந்தா, போன் அடிக்குது. மெசேச் வந்திருக்கு. அவற்ர போனுக்குத்தான். இறங்கிட்டாள் போல. கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன், நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ பிள்ளை. அப்பா எண்டுதான் துவங்கியிருப்பாள். வாசல்ல வந்து நில்லுங்கோ அப்பா எண்டு எழுதியிருப்பாள்.

என்ன? திரும்ப வாசியுங்கோ.

"அம்மா, இறங்கிட்டன். இனி இந்தப் போனில எழுதாதேங்கோ. நேரில சொல்லுங்கோ."

அம்மா எண்டோ இருக்கு? வடிவாப் பாருங்கோ, அது என்ர போன் இல்லை, அவற்ர. அம்மா எண்டுதான் இருக்கோ?

மேல போங்கோ. இன்னும் மேல, ஜூனுக்குப் போங்கோ. இவர் கடைசியா "இண்டைக்கு எத்தினை" எண்டு எழுதினது இருக்குதோ? அதுக்கு அவள் எழுதின மறுமொழிக்கும் கீழ, அடுத்த நாளில என்ன? "அப்பா, மைனஸ் எழுபத்தொண்டு." நான் கேக்காமலே அவள் எழுதியிருக்கிறாள். அதுக்கு நான் என்ன எழுதினனான்? சாப்பிட்டியோ. அடுத்தது? "அப்பா, இண்டைக்கு மைனஸ் எழுபத்தாறு." அதுக்கு? குளிருக்கு உடுத்தியோ. இன்னும் இருக்கோ? எழுதி எழுதிப் பாத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் எழுதி, தேப்பன் கேப்பார் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகு? பிறகு அப்பா எண்ட சொல்லே இல்லையோ? ஒண்டிலயும் இல்லையோ? வெறும் சாப்பிட்டன், உடுத்தன், கும்பிட்டன்.

காணும். நிப்பாட்டுங்கோ.

அப்ப அவளுக்கு அப்பவே தெரியும். ஐயோ பிள்ளை, அவளுக்கு அப்பவே தெரியும். நான் பொட்டும் ஒட்டி, தாலியும் போட்டு, சிரிச்சுக்கொண்டு இருக்க, அவள் பாத்துக்கொண்டிருந்தவள். அவள் அழக்கூடாது எண்டுதானே மறைச்சனான்? அந்த இருட்டுக்குள்ள தனிய இருந்து அழுதிருக்கிறாளே. ஒருத்தருக்கும் சொல்லாமல் அழுதிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்மா சாப்பிட்டியளோ எண்டு கேட்டிருக்கிறாளே. தேப்பன் செத்த பிள்ளைக்குத் தோள் குடுக்க ஆள் இல்லாமப் பண்ணினது நான்தானே.

தண்ணி வேண்டாம். இருங்கோ. ரெயின் நிக்க முதல் நான் இதைச் சொல்லோணும்.

ஆஸ்பத்திரியில முதல் நாள் பின்னேரம், "சாருவுக்கு ஒரு கோல் எடு" எண்டவர். "எத்தினை எண்டு கேப்பம்" எண்டவர். நான், மூக்கில வயரோட கிடக்கிறியள், பிள்ளை கண்டால் பயந்திடுவாள், சுகமாகி வீட்டை வாங்கோ, கேக்கலாம் எண்டன். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திட்டார். அடுத்த நாள் காலமை பேந்தும் கேட்டவர். "முகம் காட்டேல்லை, குரல் மட்டும்" எண்டவர். நான் சொன்னன், போனில சார்ஜ் இல்லை எண்டு. முழுச் சார்ஜோட இந்தக் கைப்பைக்குள்ள கிடந்தது, பிள்ளை. என்ர மடியில கிடந்தது. "ஏத்திப்போட்டு எடு" எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினவர். பிறகு கதைக்கேல்லை.

துஷாந்தன் அப்ப வெளியில கோப்பி எடுக்கப் போனவன். அவனுக்குத் தெரியாது. மச்சாளுக்குத் தெரியாது. செத்தது சாருவுக்குத் தெரியும், இது தெரியாது. நேரில சொல்லுங்கோ எண்டு எழுதியிருக்கிறாள். நான் போய், அப்பா தோட்டத்தில விழுந்தார், முடிஞ்சுது எண்டு சொன்னால் அவள் நம்புவாள். என்னைக் கட்டிப்பிடிச்சு அழுவாள். மன்னிச்சும் விடுவாள், அவள் அப்பிடிப்பட்ட பிள்ளை. என்னைத் தெரியும் எனக்கு. அவளின்ர முகத்தைக் கண்டவுடன நான் அப்பிடித்தான் சொல்லுவன். உங்களுக்கே முதல்ல அப்பிடித்தானே சொன்னனான்.

எழும்புங்கோ, வந்திட்டுது. அந்தப் பொட்டோ? இந்தாங்கோ, உந்தக் குப்பைத் தொட்டிக்குள்ள போட்டுவிடுங்கோ. உங்கட பிளேன் பின்னேரம்தானே? பெட்டியைத் தாங்கோ, நான் இழுக்கிறன். அவள் வாற வாசல் வரைக்கும் என்னோட வாங்கோ பிள்ளை. நீங்கள் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை, பக்கத்தில நிண்டால் காணும். நான் சார்ஜ் இல்லை எண்ட கதைக்கு வராமல் வேற கதைக்குப் போனால், என்னை ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ.